பத்து டிராலியும் ஒரு பரிசுத்தவானும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற பரிசுத்தவான்களின் பெயரை எழுதித் தா என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், எட்வின் யோசிக்காமல் முதலில் தன் பெயரை எழுதிவிடுவார். இரண்டாவதாக யாரைப் போடுவது என்பதில்தான் சிக்கல். பாஸ்டரைப் போடலாம். ஆனால் பாஸ்டர் வீட்டில் டிவி இருக்கிறது.

எட்வின் வீட்டில் டிவி கிடையாது. விற்று ஒன்பது வருஷமாகிறது. சினிமா கிடையாது, டீக்கடையில் நின்று அரசியல் பேசுவது கிடையாது, தேர் இழுக்கிற தெரு வழியாக நடந்து போவதுகூடக் கிடையாது, சுற்றிக்கொண்டுதான் போவார். மனைவி பியூலாவின் காதில் தோடு கிடையாது. அதைக் கழற்றச் சொல்லி மனுஷன் மூன்று நாள் உபவாசம் கிடந்தார். நாலாம் நாள், "பசியில கெடந்து செத்துத் தொலையாதீங்க, இந்தாங்க" என்று அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாள். கர்த்தர் என் மனைவியின் இருதயத்தோடு பேசினார் என்று அதை அவர் சபையில் சாட்சியாகச் சொன்னபோது எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். பியூலா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை என்றால் கோபுரமும் மணியும் வைத்த பெரிய கோயில் இல்லை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, அறுபது குடும்பம். அதில் ஒரு மூப்பர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இடம் காலியாகியிருந்தது. பாஸ்டர் ரத்தினம் எட்வினைக் கூப்பிட்டு, "பிரதர், ஆயுதபூசை லீவு முடிஞ்ச அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை உங்களை மூப்பரா அபிஷேகம் பண்றோம். அன்னைக்கு அன்றாட வாழ்வில் பரிசுத்தம்னு நீங்களே செய்தி கொடுக்கணும்" என்றார். பேனருக்கு ஒரு போட்டோவும் கேட்டார். எட்வின் ஏழு போட்டோ அனுப்பினார்.

வேலை பார்ப்பது ராஜபாளையத்தில். காளிராஜின் பேண்டேஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக சூப்பர்வைசர். காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் பஸ்ஸில் வருவார். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதையும் ஜெபத்தின் பலனாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தக் கம்பெனியில் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத்துணியை வெட்டி, மடித்து, பொட்டலம் போட்டு, டிராலியில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய இரும்புப் பெட்டிக்குள் தள்ளி நீராவியில் வேகவைப்பார்கள். கிருமி சாகும். வெந்த டிராலியும் வேகாத டிராலியும் பார்வைக்கு ஒன்று போலவேதான் இருக்கும். அதனால் வெந்ததற்கு அடையாளமாக நிறம் மாறுகிற டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப் தீர்ந்து இருபது நாளாகிவிட்டது. கேட்டால் ஆர்டர் போட்டிருக்கு என்பார் காளிராஜ். ஆட்டோகிளேவ் ஓட்டுகிற பாண்டிசெல்வி கெட்டிக்காரி. தேவதானத்திலிருந்து வருகிறவள், கட்டிங் டேபிளில் ஆரம்பித்து எட்டு வருஷத்தில் மெஷினுக்கு வந்தவள். டேப் வருகிறவரைக்கும் என்று, வெந்த டிராலியின் முன்னால் தொங்குகிற தகரத்தில் சிவப்பு சாக்பீஸால் ஒரு ரவுண்டு போட்டு வைத்தாள். அது சிவப்பாக இருந்ததற்குக் காரணம், டப்பாவில் அந்த நிறம்தான் மிச்சமிருந்தது.

ஆயுதபூசை வந்தது. பூசைக்கு முந்தின ஷிப்டில் பத்து டிராலி சரக்கு நின்றது. ஆறு வெந்தது, நாலு வேகாதது. சாயங்காலம் காளிராஜ் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மெஷின், தராசு, தண்ணீர் மோட்டார், டிராலி என்று கண்ணில் பட்ட அம்புட்டுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிகடலை கொடுத்தார்கள். எட்வின் வழக்கம்போல நாலு மணிக்கே தலைவலி என்று கிளம்பியிருந்தார். பன்னிரண்டு ஆயுதபூசைக்கும் அவருக்கு நாலு மணிக்குத்தான் தலை வலித்திருக்கிறது.

மற்ற வருஷமென்றால் அத்தோடு போயிருக்கும். இந்த வருஷம் மனுஷன் மூப்பராகப் போகிறவர் இல்லையா? ஒரு படி மேலே ஏற வேண்டாமா? லீவு முடிந்து வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டை நனைத்துப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கேமரா இருக்கிறது, அது கேட்டை மட்டும்தான் பார்க்கும்.

எட்வின் துடைத்தார். மெஷினைத் துடைத்தார், தராசைத் துடைத்தார், சுவிட்ச் போர்டைத் துடைத்தார். தரையில் கிடந்த பூசணிச் சிதறலைக் கூட்டுவதற்காக டிராலிகளை இங்குமங்கும் உருட்டித் தள்ளினார். தள்ளிவிட்டு டிராலித் தகரங்களையும் துடைத்தார். நாலாவது டிராலியில் துண்டு ஒரு கணம் நின்றது. பொட்டுக்குப் பக்கத்தில் ஏதோ வட்டமாக இருந்தது. குங்குமத்தை இப்படி வளையமாக வைக்க மாட்டார்களே என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. வைராக்கியம் கொதிக்கும்போது எண்ணத்துக்கு ஏது மரியாதை? துடைத்தார். பத்தையும் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். எல்லாம் பளபளவென்று இருந்தது. அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

எட்டு மணிக்குப் பாண்டிசெல்வி வந்தாள். பத்து மணிக்கு லாரி. டிராலிகளைப் பார்த்தவள் அப்படியே நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்யோ, ரவுண்டைக் காணுமே! எது வெந்தது, எது வேகாததுன்னு எப்படித் தெரியும்? டிராலியெல்லாம் எடம் மாறிக் கெடக்கு!"

லோடுமேன் சங்கையா, "பத்தையும் ஏத்திருவோம், போ. யாரு பாக்கப் போறா?" என்றான்.

"ஒன் வயித்தை அறுத்து வச்சிருக்கையில இந்தத் துணிய வச்சு ஒத்தட்டுமாலே?" என்று அவள் ஒரு போடு போட்டாள். 

காளிராஜ் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது. பத்து டிராலியையும் திரும்ப வேகவைக்க இரண்டு நாள் பிடிக்கும். லாரி சும்மா போகும். ஆஸ்பத்திரிக்காரன் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவான். "நீ ரவுண்டு போடாமப் போயிட்டு இப்பக் கதை சொல்லுதியா?" என்று கத்தினார்.

"சத்தியமாப் போட்டேன் மொதலாளி. ஆறு டிராலிக்கும் போட்டேன்."

"போட்டா எங்க? பேய் வந்து அழிச்சிச்சோ?"

பாண்டிசெல்வி சுற்றிப் பார்த்தாள். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவள் கை எட்வினைக் காட்டியது. "அண்ணாச்சிதான் மொதல்ல வந்திருக்காவ. அவியகிட்டயே கேளுங்க."

எட்வின் ஓரடி பின்னால் நகர்ந்தார். காளிராஜ் அவர் பக்கம் திரும்பினார். "என்னய்யா எட்வின், நீ வரும்போது ரவுண்டு ஏதும் இருந்துச்சா?"

இங்கேதான் மனுஷனின் பரிசுத்தம் தன் முழு வேலையையும் காட்டியது. பொய் சொல்லக்கூடாது, அதில் அவர் கண்டிப்பானவர். தான் கண்டது என்ன? குங்குமம். அழித்தது என்ன? விக்கிரக அடையாளம். ரவுண்டு என்று ஒன்றை அதுவாக அறிந்து கண்டாரா? இல்லையே. ஆகவே, "ரவுண்டுன்னு நான் எதையும் பாக்கலை மொதலாளி" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பார்த்திருக்கிறோம். இவர் அதற்கு முன்னால் சோற்றுக்கு ஜெபமும் பண்ணிவிட்டார்.

"எட்வினே சொல்லியாச்சு. அவன் வாயில பொய் வராது" என்றார் காளிராஜ். "நாளையிலருந்து நீ வர வேண்டாம் பாண்டிசெல்வி."

அவள் அழவில்லை. எட்வினை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை, விளங்காத பார்வை. பொறவு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மகன் தனுஷ் பாலிடெக்னிக்கில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று சங்கையா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். எட்வின் காதில் அது விழுந்தது. விழாதது போல லெட்ஜரைப் புரட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கல் நெஞ்சுக்காரர் இல்லை. உள்ளுக்குள் குத்தியது. குத்தல் நிற்பதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செய்தார், ஒன்றைத் தவிர. சனிக்கிழமை உபவாசம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையின் ஜெபக்குறிப்பில், 'வேலை இழந்த பாண்டிசெல்வி சகோதரிக்காக' என்று எழுதிக் கொடுத்தார். பெண்கள் கண்ணீரோடு ஜெபித்தார்கள். சபையைச் சேராத ஒரு புறஜாதிப் பெண்ணுக்காக இம்புட்டுப் பாரத்தோடு இருக்கிறாரே என்று இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள். அந்தக் கையைக் குலுக்கும்போது அவருக்குக் குத்தல் கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி குத்தியது. பாஸ்டரிடம் போனார். "ஐயா, ஒருத்தர் தெரியாம ஒரு காரியம் செஞ்சு, அதனால இன்னொருத்தருக்கு நஷ்டம் வந்திருச்சுன்னா..." என்று இழுத்தார்.

பாஸ்டர் ரத்தினம் அனுபவஸ்தர். அந்த ஒருத்தர் யாரென்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். "கர்த்தர்கிட்ட அறிக்கை செஞ்சாச்சுல்ல?" என்றார்.

"செஞ்சாச்சு."

"அப்ப முடிஞ்சுச்சு. மிச்சத்தை ஞாயிறு கழிச்சுப் பாத்துக்கிடுவோம். பேனர் அடிச்சாச்சு பிரதர், பாக்குதீங்களா?" பேனரை விரித்தார். ஆறடி நீளம். வெள்ளைச் சட்டையில் எட்வின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு புறா வேறு.

சனிக்கிழமை காலை. பியூலா பின்பக்கக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எட்வின் பல் விளக்கிக்கொண்டே மறுநாள் செய்தியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். சின்னக் காரியத்திலும் உண்மை, ஒரு நூல் பிசகாத உண்மை என்று கையை ஆட்டிச் சொன்னபோது, பியூலா துண்டைப் பிழிவதை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும். பூசை லீவு முடிஞ்ச அன்னைக்கு இந்தத் துண்டை நனைச்சு எடுத்துட்டுப் போனீங்களே. செவசெவன்னு திரும்பி வந்துச்சு. இதை வச்சு எதத் தொடச்சீங்க?"

"மெஷின்ல குங்குமம் இருந்துச்சு. அதை..."

"குங்குமக் கறை சோப்புக்குப் போகாது. இன்னும் இருக்கு, பாருங்க. ஆனா இதுல பாதி மாவு மாதிரி தண்ணியிலயே கரைஞ்சு போச்சு. அது சாக்பீஸு. நான் பத்து வருஷம் பால்வாடி டீச்சர். எனக்கு சாக்பீஸ் தெரியாதா?"

எட்வின் வாயில் நுரையோடு நின்றார்.

"சாக்பீஸ் ரவுண்டு போடலைன்னுதான் அந்தப் பாண்டிசெல்விக்கு வேலை போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. அவளுக்காகச் சபையில வச்சு நானும் அழுதேன். நீங்க பக்கத்துல கண்ண மூடிட்டு நின்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நாளைக்கு நீங்க மேடை ஏறுனா நான் வர மாட்டேன். ஏன் வரலைன்னு கேப்பாங்க. தலைவலின்னு சொல்ல மாட்டேன். அது உங்க வியாதி. கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்."

ஆகவே, எட்வின் உண்மையைச் சொல்லக் கிளம்பியது பரிசுத்தத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெண்டாட்டிக்குப் பயந்துதான் கிளம்பினார். அதனால் என்ன, கிளம்பினாரே.

காளிராஜ் ஆபீஸ் அறையில் பில் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வின் கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் சொன்னார். "மொதலாளி, அந்த ரவுண்டை அழிச்சது நான்தான். பாண்டிசெல்வி மேல தப்பு இல்ல."

காளிராஜ் கண்ணாடியைக் கழற்றினார். எட்வின் அடியை எதிர்பார்த்தார். காளிராஜ் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"எனக்குத் தெரியும்யா. நீ இப்படி வந்து நிப்பேன்னு எங்க வீட்ல நேத்தே சொன்னேன்."

"என்ன மொதலாளி?"

"அந்தப் பிள்ளைக்கு வேலை போச்சேன்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட வந்திருக்கே. உங்க சாமியும் அதத்தான செஞ்சாரு? ஊரான் பாவத்தச் சொமந்தாரு. நீ யாரு, அவரு ஆளுல்ல!"

"அய்யோ இல்ல மொதலாளி, நெசமாவே நான்தான்..."

"போதும்யா, போதும். உனக்காகச் செய்யுதேன். அவளை வரச் சொல்லு, மன்னிச்சு விட்டுருதேன். ஆனா மெஷினைத் தொட விட மாட்டேன். பொறுப்பில்லாதவ. பழையபடி கட்டிங் டேபிள்ல நிக்கட்டும், அதே பழைய கூலிக்கு."

உள்ளதைச் சொன்னால் இப்படிக்கூட இனிக்குமா என்றிருந்தது எட்வினுக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. நம்பாதது அவர் குற்றமா? அவளுக்கும் வேலை உண்டு. தனக்கும் பேர் உண்டு. மொதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்று பியூலாவிடம் சொன்னால் அதுவும் பொய்யில்லை. கால் கதவுப் பக்கம் தானாக நகர்ந்தது.

காளிராஜ் விடவில்லை. வெளியே நின்ற சங்கையாவை உள்ளே கூப்பிட்டார். "ஏலே, மனுஷன்னா யாருன்னு பாத்துக்கோ. அவ செஞ்ச தப்பை நான் செஞ்சேன்னு சொல்லுதாரு!"

சங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கள்ளமில்லாத ஆள். "அண்ணாச்சி, நீங்க தெய்வம் அண்ணாச்சி" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி எட்வினைக் கும்பிட்டான். அதோடு நிற்காமல் காலைத் தொடவும் குனிந்தான்.

"கும்பிடாதலே! தொடாதலே!" என்று எட்வின் அலறினார். அந்த அலறல் அறைக்கு வெளியே கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்டது. ஊரில் யார் எதைக் கும்பிட்டாலும் முகம் சுளித்த மனுஷனை அன்றைக்கு ஒருத்தன் நிற்க வைத்துக் கும்பிட்டான். இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை என்பது போல வார்த்தை கொட்டியது.

"நீங்க வச்ச பொட்டு அசுத்தம்னு நெனச்சேன் மொதலாளி. அதான் தொடச்சேன். உங்க கையால வச்சதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் ஈரத்துண்டைக் கொண்டாந்தேன். தலைவலியெல்லாம் பொய். பன்னெண்டு வருஷமும் பொய். ரவுண்டையும் பாத்தேன். கை நின்னுச்சு. பாத்துட்டுத்தான் தொடச்சேன்."

காளிராஜின் சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது. சங்கையா குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தான்.

"ஏய்யா, பூசைக்கு வைக்கிற பொங்கலை வருஷா வருஷம் உனக்குன்னு தனியா எடுத்து வைப்பேனே" என்றார் காளிராஜ். குரல் இறங்கிப்போயிருந்தது. "சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து டப்பாவுல போட்டு உன் பையில வைக்கச் சொல்லுவேனே. படைச்சா நீ சாப்பிட மாட்டே, உன் மனசு நோகக் கூடாதுன்னு."

"அதையும் சாப்பிட்டதில்ல மொதலாளி. பஸ் ஸ்டாண்டுல நாய்க்கு வச்சிருவேன்."

காளிராஜ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பில்லைப் பார்த்தார், படிக்கவில்லை.

"இப்ப நம்புதேன்" என்றார் கடைசியில். "நீயே தேவதானத்துக்குப் போயி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு. திங்கக்கெழமை மெஷினுக்கு வரட்டும். வராத நாளுக்கும் சம்பளம் உண்டு. நீ பேக்கிங்குல நில்லு. பொறவு பாப்போம்."

எட்வின் பஸ் ஸ்டாண்டில் நின்று பாஸ்டருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார். பேரைச் சொல்லி, தான்தான் என்று சொல்லி, இழுக்காமல் சொன்னார். நாளைக்கு அபிஷேகம் வேண்டாம் ஐயா, பேனரை இறக்கிருங்க என்றார். பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "போட்டோவைப் பெருசாப் போட்டுட்டோமே பிரதர். சின்னதாயிருந்தா வேற ஆள் படத்தை மேல ஒட்டியிருக்கலாம்."

தேவதானத்தில் பாண்டிசெல்வி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் திருட்டு வேலை பார்த்து விரட்டிவிட்டார்களே அந்தப் பிள்ளையா என்று கேட்டுத்தான் ஒருத்தர் வழி சொன்னார். ஊருக்குள் கதை அப்படி வளர்ந்திருந்தது. எட்வினுக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது. "திருட்டெல்லாம் இல்லீங்க. தப்புப் பண்ணுனது நான்" என்று அந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னார். அந்த ஆள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பாண்டிசெல்வி வயக்காட்டு வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலெல்லாம் சேறு. "வாங்க அண்ணாச்சி" என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். துண்டு, குங்குமம், ரவுண்டு, வாய்கூசாமல் சொன்ன பதில், சபையில் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னைக்கு நீ என்னையக் கைகாட்டுனப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "நீ மாட்டிவிடப் போறேன்னு பயந்துதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"மாட்டிவிடவா?" பாண்டிசெல்வி புரியாமல் பார்த்தாள். "எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்? நீங்க அழிச்சிருப்பீகன்னு நெனைக்கவே இல்லையே. அங்க நின்ன அம்புட்டுப் பேர்லயும், இவிய ஒருத்தர்தான் யாருக்கும் பயப்படாம உள்ளதைச் சொல்லுவாவன்னு நெனச்சேன். அதான் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்."

எட்வின் அவள் துடைத்துப் போட்ட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழமை வாரேன்" என்றாள் அவள். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தாள். "ஆனா அண்ணாச்சி, நாளைப்பின்ன இன்னொரு பழி வந்தா நான் யாரைக் கைகாட்டுவேன்?"